இடது பக்கம் நாலரை இஞ்சு

கடை ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர். கூரைத் தகரம் ஒன்று, வாசல் படி ஒன்று, தண்ணீர்க் குழாய்கூட ஒன்றுதான். சிமெண்ட் கல்லை அடுக்கி ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய அந்தச் சுவர் மட்டும் கூரைக்கு ஓர் அடி கீழே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பூச்சு கிடையாது. பூச்சு வேலை யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டுமானால் அண்ணனும் தம்பியும் பேச வேண்டும். அவர்கள் பேசி இரண்டரை வருஷம் ஆகிறது.

இந்தப் பக்கம் இருப்பவர் அண்ணன். தூரப் பயணம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள்களுக்குப் பெட்டி, விளக்கு, கம்பி என்று சாமான் மாட்டித் தருகிற வேலை. எதற்கெடுத்தாலும் டேப்பை உருவுவதால் அவருக்கு இஞ்சுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது மின்சார பில்லில் மட்டும்தான் பார்க்கலாம். அந்தப் பக்கம் இருப்பவன் தம்பி. அதே சாமான்களை வாங்கி விற்பவன். வண்டிக்காரர்கள் அங்கே வாங்கி, படியிறங்கி, நாலடி நடந்து, மறுபடி படியேறி இங்கே வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு வசதியாகப் பகைத்துக்கொண்டவர்களை வேறு எங்கே போய்த் தேடுவது?

நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் வாடிக்கையாளர்கள்தான். "பக்கத்துக் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, இந்த போல்ட் தகரம்" என்பார் அண்ணன், சுவருக்கு மேலே கேட்கிற மாதிரி. "முடுக்கத் தெரியாதவருக்கு எல்லா போல்ட்டும் தகரம்தான்னு சொல்லுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். பாவம், ஒரு விளக்கு மாட்ட வந்தவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்.

இஞ்சுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில்தான். அதை அவரே மறுக்கமாட்டார். ஆனால் வேலை என்று வந்தால் அவரிடம் குறை சொல்ல ஆள் கிடையாது. அதிலும் ஹைவே பெக் மாட்டுவதில் அவர் வைத்ததுதான் சட்டம். மணிக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவனுக்கு முழங்கால் ஒரே மடிப்பில் இருந்து இருந்து மரத்துப் போகும். அதற்காக எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற கார்டு கம்பியில், பக்கத்துக்கு ஒன்றாக, காலை நீட்டி வைத்துக்கொள்ள இரண்டு கட்டைகளை மாட்டுவார்கள். கம்பியைக் கவ்வுகிற கிளாம்ப் ஒன்று, அதிலிருந்து ஓட்டுகிறவன் பக்கமாக நீளுகிற கை ஒன்று, கையின் நுனியில் கட்டை. பார்க்கப் போனால் நாலு போல்ட் வேலை. எந்தக் கடையிலும் கால் மணி நேரத்தில் மாட்டி அனுப்பிவிடுவார்கள்.

இஞ்சுக்காரர் அனுப்பமாட்டார். "வண்டியில் ஏறி உட்காராதவருக்கு பெக் மாட்டித் தரப்படாது" என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டு வரவேண்டும். தரையில் இரண்டு சக்கரமும் பதிய வண்டியை நிறுத்தி, மேலே ஏற்றி உட்கார வைப்பார். கார்டு கம்பியில் ஓர் அட்டையைக் கட்டுவார். பூட்ஸின் குதிகால் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்ப்பார். பிறகு, "கண்ணை மூடு, காலை நீட்டு" என்பார். கண் திறந்திருந்தால் ஆள் கம்பியைப் பார்த்து அதற்குத் தோதாகக் காலை நீட்டிவிடுவான், அது அவன் காலின் அளவு அல்ல, அவன் ஆசையின் அளவு என்பது அவர் வாதம். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினால் கால் தனக்குச் சுகமான இடத்தில் போய் நிற்கும். அங்கே அட்டையில் வெள்ளைக் கோடு விழும். கம்பியிலிருந்து கோடு வரை எத்தனை இஞ்சோ அத்தனை நீளத்துக்குக் கை. அதற்குமேல் பேச்சில்லை. ஒரு தடவை ஒரு பல் டாக்டர், வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறேன், நீங்களே குத்துமதிப்பாக மாட்டி வையுங்கள் என்றார். நாளைக்கு நான் பல்லை மட்டும் அனுப்புகிறேன், நீங்கள் குத்துமதிப்பாக அடைத்து வையுங்கள் என்று சொல்லி வண்டியை வெளியே தள்ளிவிட்டார் இவர். அந்த டாக்டர்தான் பிறகு இவருக்கு நெருங்கிய சிநேகிதர் ஆனார், அது வேறு விஷயம்.

டாக்டர் நடத்துகிற பயணக் குழுவில் இருபது வண்டிகள். அதில் பதினோரு வருஷமாக, எல்லோருக்கும் வழிகாட்டி முன்னால் போன முன் வண்டி இஞ்சுக்காரருடையது. முன் வண்டிக்காரர் கையைத் தூக்கினால் பின்னால் பத்தொன்பது பேரும் வேகம் குறைப்பார்கள். இடது பக்கம் காட்டினால் இடது பக்கம் ஒதுங்குவார்கள். ஏன், எதற்கு என்று ஒருத்தர் கேட்கமாட்டார். வீட்டில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல், கடையில் எதிர்ச்சொல், சுவர் தாண்டி எதிர்ச்சொல். இந்த உலகத்தில் யாரும் அவரோடு மல்லுக்கு நிற்காத ஒரே இடம் அந்த முன் வண்டிதான். அதற்காக அவர் உயிரையே விடுவார்.

கிட்டத்தட்ட விட்டும்விட்டார். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், மலையிறக்கத்தில், காலை நீட்டி பெக்கில் வைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது இடது பக்க கிளாம்ப் கம்பியைச் சுற்றிக் கீழே திரும்பிவிட்டது. கட்டையோடு காலும் ரோட்டுக்குப் போனது. வண்டி சாய்ந்து காலின்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு மாதம் படுக்கை.

சண்டை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஆரம்பித்துவிட்டது. அந்த கிளாம்ப் தம்பி கொடுத்தது. வண்டியின் கம்பி மெலிசு, கிளாம்ப் ஒரு சுற்று பெரிசு. பொருந்தாத கிளாம்பை என் தலையில் கட்டினான் பாவி என்று அண்ணன் வார்டே அதிரச் சத்தம் போட்டார். பெரிசு என்று அன்றைக்கே சொன்னேன், சரியானது நாளைக்கு வரும் பொறு என்றேன், பொறுக்காமல் டியூப் ரப்பரை வெட்டி உள்ளே சுற்றி முடுக்கியது யார் என்று தம்பி திருப்பிக் கேட்டான். ரப்பர் சூட்டில் இளகும், எண்ணெய் பட்டால் வழுக்கும், இது ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவருக்குத் தெரியாதா என்றும் கேட்டான். அந்தக் கேள்விதான் அண்ணனுக்கு எலும்பைவிட அதிகமாக வலித்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவர் எழுப்ப ஆள் கூப்பிட்டார்.

எலும்பு கூடிவிட்டது. கூடிய கால் குட்டையாகிவிட்டது. பூட்ஸுக்குள் பட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஏற்ற இறக்கம் தெரியாது என்றார் எலும்பு டாக்டர். என் கால் எனக்குத் தெரியும் என்று எழுந்து வந்துவிட்டார் இவர். அன்றிலிருந்து இன்றுவரை தன் கால் குட்டை என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டது கிடையாது. லேசான பிடிப்பு என்பார். குளிர் என்பார். செருப்பு சரியில்லை என்பார்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தெரு முழுக்கத் துணி தைத்துக் கொடுப்பவள். கண்ணாலேயே அளவு எடுப்பவள். இடது காலை மடித்துத் தைத்துத் தருகிறேன் என்று அவள் கேட்காத நாளில்லை. ரெண்டு காலும் ஒரே நீளத்தில் இருந்தால் போதும், உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுவார். அதனால் அவர் போடுகிற ஒவ்வொரு பேண்ட்டிலும் இடது கால் நுனி தரையில் இழுபட்டு நைந்து நார்நாராகத் தொங்கும். தையல்காரி புருஷன் இப்படிக் கிழிசலோடு தெருவில் போவது தனக்கு எவ்வளவு கேவலம் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் காதில் ஏறாது.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கள்கிழமை பல் டாக்டர் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தாலே ஏதோ கசப்பு மருந்து கொடுக்க வந்தவர் என்று தெரிந்தது. வருகிற சனிக்கிழமை ஐநூறு கிலோமீட்டர் பயணம். முன் வண்டி இல்லாமல் இரண்டு வருஷம் தட்டுத்தடுமாறி ஓட்டியாகிவிட்டது, இனிமேல் முடியாது என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தத் தடவை நீங்கள் வந்தால் இடம் உங்களுடையது. வராவிட்டால் நிரந்தரமாக வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்.

"யாரை?"

டாக்டர் கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் ஓட்டினார்.

இஞ்சுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சுவர் தாண்டிக் கேட்கும்படி கத்தினார். காலில்லாமல் படுத்தாலும் அந்த இடத்தை அவனுக்கு விட்டுக் கொடுப்பேன் என்று யாரும் கனவு காண வேண்டாம் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

கத்தியது சுலபம். அவருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் ஒரே மடிப்பில் இருந்தால் அந்த முழங்கால் பூட்டிக்கொள்ளும். ஐநூறு கிலோமீட்டருக்கு ஹைவே பெக் இல்லாமல் வழியே இல்லை. விபத்தில் நசுங்கின பழையதை எப்போதோ வீசியாகிவிட்டது. புதிது வேண்டும். விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதன் வாசற்படியைத் தன் கால் மிதிக்காது என்று ஊரறியச் சபதம் போட்டவர் அவர்.

கூரியர்காரர் ஒருவர் தினமும் பார்சல் கொண்டு வருவார். அன்றைக்கே அவரைப் பிடித்து, உங்களுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார். எதை வாங்குவது என்பதற்கு ஒரு பெரிய பாடமே நடத்தினார். உருண்டைக் கட்டை வேண்டாம், பாதம் உருளும். அகலமாக, மேலே ரப்பர் வைத்தது வேண்டும். வளைவில் தரை உரசினால் மேல்பக்கமாக மடங்கிக்கொள்ள வேண்டும், மடங்காதது வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். கிளாம்ப் கம்பிக்குச் சரியான சுற்றில் இருக்க வேண்டும், ஒரு நூல்கூடப் பெரிசாக இருக்கக் கூடாது. கை மூன்று இஞ்ச். கூரியர்காரர் எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

அவர் ஓட்டுவது மொபெட். எஞ்சினே பிடி அளவுதான் இருக்கும். அதில் கார்டு கம்பியும் கிடையாது, காலை நீட்டினால் முன் சக்கரத்தில்தான் வைக்க வேண்டும். மொபெட்டுக்கா என்று தம்பி கேட்டதற்கு ஆமாம் என்று அவர் தலையாட்டியிருக்கிறார். தம்பி மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்தான்.

பெட்டியைத் திறந்த இஞ்சுக்காரர் துள்ளிக் குதித்தார். கட்டைகள் சரி. கிளாம்ப் சரி. வலது பக்கத்துக்கு மூன்று இஞ்ச் கை. இடது பக்கத்துக்கு அதைவிட நீளமான வேறு ஒரு கை. ஜோடி தப்பிய சாமானைத் தள்ளிவிடுகிறான் பார், கண் தெரியாதவன் தலையில் கட்டுகிற வேலை என்று சுவரைப் பார்த்து நாலு வார்த்தை விளாசினார். கூரியர்காரர் மறுபடி நடந்தார். தம்பி நீளக் கையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குட்டைக் கையைக் கொடுத்து அனுப்பினான்.

புதன்கிழமை மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் வண்டிக்குத் தானே அளவெடுக்க உட்கார்ந்தார் இஞ்சுக்காரர். இருபது வருஷத்தில் அவருக்கு அளவெடுத்தது எப்போதும் தம்பிதான். ஒருத்தர் மேலே உட்கார்ந்தால் இன்னொருத்தர் கீழே குனிய வேண்டும், அந்த வேலையின் அமைப்பே அப்படி. கூப்பிட ஓர் ஆள் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டால் முழங்காலைப் பார்ப்பார், மனைவியைக் கூப்பிட்டால் வாயைத் திறப்பாள். சனியன், நானே செய்கிறேன் என்று முன் சக்கரத்தைத் தரையிலிருந்த கவ்வியில் மாட்டி, இரண்டு பக்கக் கம்பியிலும் அட்டையைக் கட்டி, குதிகாலில் சாக்பீஸ் தேய்த்து ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். காலை நீட்டினார்.

இறங்கிப் பார்த்தார். வலது அட்டையில் கோடு கம்பியிலிருந்து மூன்று இஞ்ச். இடது அட்டையில் நாலரை.

டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தார். நாலரைதான். இரண்டரை வருஷமாகக் குளிர், பிடிப்பு, செருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேராக அந்த அட்டை உண்மையைச் சொல்லிவிட்டது. அவமானமாக இருந்தது அவருக்கு. அட்டையைப் பிய்த்து, நாலாகக் கிழித்து, பழைய எண்ணெய் டின்னில் திணித்தார். உட்கார்ந்த விதம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். பிறகு இரண்டு பக்கமும் மூன்று இஞ்ச் கையையே மாட்டி முடுக்கினார். வேறு ஒருவன் இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் இஞ்சுக்காரர் அவனை வண்டியோடு தெருவில் தள்ளியிருப்பார்.

வியாழக்கிழமை காலை ஓட்டிப் பார்க்கப் போனார். இருபது கிலோமீட்டர் சுகமாகப் போனது. காற்று முகத்தில் அடித்ததும் பழைய ஆள் திரும்பி வந்த மாதிரி இருந்தது, ஆளில்லாத ரோட்டில் கையைத் தூக்கி ஒரு தடவை வேகம் குறைக்கச் சொல்லிக்கூடப் பார்த்தார். பிறகு இடது கால் ஆரம்பித்தது. பாதம் கட்டையில் முழுசாகப் படியவில்லை, விரல் நுனிதான் எட்டியது. எட்டுவதற்காக இடுப்பைச் சரித்தார். இடுப்பு வலித்தது. நேராக உட்கார்ந்தார். ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதும் விரல் நழுவி, கால் அப்படியே ரோட்டுக்கு இறங்கியது. பூட்ஸ் நுனி தாரில் சர்ரென்று உரசிய சத்தம் கேட்டது. எப்படியோ காலை மேலே இழுத்துக்கொண்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, பூட்ஸின் தேய்ந்த நுனியைத் தடவிப் பார்த்தார். திரும்பும்போது காலை மடித்தே வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது முழங்கால் பூட்டிக்கொண்டது.

தேய்ந்த பூட்ஸைப் பார்த்ததும் மனைவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தாமலே பேசினாள். முடியலைன்னா விட்டுடுங்க, உங்க தம்பி ஓட்டட்டும் என்றாள். இன்னொரு தடவை நாலு மாசம் பெட்பேன் தூக்க என்னால் ஆகாது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையில் ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். டாக்டருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுவதா? சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். மூன்று தடவை போனை எடுத்தார், மூன்று தடவையும் கீழே வைத்தார். நாலாவது தடவை எடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

தம்பி நின்றுகொண்டிருந்தான். இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைச் சுற்றி வந்திருந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது, அதை அண்ணன் இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார்.

"இங்க உனக்கு என்ன வேலை?"

"எனக்கு ஒரு வேலையும் இல்ல. நாளைக்கு நீ விழுந்தா, என் கடைச் சாமானாலதான் விழுந்தேன்னு மறுபடி ஊரெல்லாம் டமாரம் அடிப்பே. அதைக் கேக்க என்னால ஆகாது. ஏறி உக்காரு."

வெளியே போடா என்றார் அண்ணன். போகிறேன், அளவெடுத்துவிட்டுப் போகிறேன் என்றான் தம்பி. உன் அளவு எனக்கு எதற்கு, நானே எடுத்துவிட்டேன் என்றார் அண்ணன். எடுத்த அளவு எங்கே என்று கேட்டுவிட்டு அவன் நேராக எண்ணெய் டின்னைப் பார்த்தான். கிழித்த அட்டையின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனின் காது மடல் சிவந்தது. அட்டை கிழிகிற சத்தம்கூடச் சுவர் தாண்டிக் கேட்கிறது என்றால் இவன் இத்தனை நாளும் வேறு வேலையே பார்க்கவில்லையா?

"அந்த கிளாம்பை வித்தவன் நீ" என்றார் அண்ணன்.

"ரப்பரைச் சுத்தினவன் நீ. ரெண்டும் நடந்ததுதான். ஏறி உக்காரு."

இரண்டும் நடந்ததுதான். அவருக்குத் தெரியாதா? கட்டிலில் கிடந்த நாலு மாதமும் அந்த ரப்பரைச் சுற்றிய தன் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தது.

ஏறி உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. விடிந்தால் சனிக்கிழமை, அது ஒன்றுதான் தெரிந்தது. தம்பி மண்டி போட்டு அட்டையைக் கட்டினான், குதிகாலில் சாக்பீஸ் தேய்த்தான்.

"கண்ணை மூடு. காலை நீட்டு."

அவர் வைத்த சட்டத்தை அவருக்கே சொல்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார், நீட்டினார். டேப் கிர்ரென்று உருவுகிற சத்தம் கேட்டது.

"நாலரை" என்றான் தம்பி.

அண்ணன் கண்ணைத் திறந்தார். அதே கோடு, அதே இடம். அதை ஒப்புக்கொள்வதற்கு மட்டும் அவருக்கு நாக்கு எழவில்லை.

"நாலேகால். உனக்கு எந்தக் காலத்துல டேப் பிடிக்கத் தெரிஞ்சுது? கால் இஞ்ச் தப்பு."

தம்பி சண்டைக்கு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த நீளக் கையை எடுத்து மேஜையில் வைத்தான். திங்கள்கிழமையிலிருந்து அங்கேயேதான் வைத்திருந்தான் போல, பையின் துணியே அதன் வடிவத்துக்குத் தொங்கிப் போயிருந்தது. "தப்பா இருந்தா வெட்டி மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு சுவரைச் சுற்றித் தன் பக்கம் போய்விட்டான்.

இஞ்சுக்காரர் அதை வெட்டவில்லை. மேஜைமேல் வைத்து அளந்தார், நாலரை. எப்படித் தெரிந்தது இவனுக்கு, அட்டையில் கோடு விழுவதற்கு முன்னாலேயே, திங்கள்கிழமையே? யோசித்துக்கொண்டே குனிந்தவரின் கண்ணில், தரையில் இழுபடுகிற தன் பேண்ட் நுனி பட்டது. தினமும் கடை திறக்கும்போதும் பூட்டும்போதும் ஒரே படியில்தானே இரண்டு பேரும் ஏறி இறங்குகிறார்கள். எவ்வளவு துணி நைந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு டேப் எதற்கு? அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே இடது பக்கக் குட்டைக் கையைக் கழற்றி, கம்பியைத் துடைத்து, நீளக் கையை மாட்டி, போல்ட்டை ஒவ்வொன்றாக முடுக்கினார். ரப்பர் எதுவும் சுற்றவில்லை. மாட்டி முடித்ததும் முழு உடம்பையும் கட்டையின்மேல் ஏற்றி நின்று பார்த்தார். இம்மி அசையவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பயணத்துக்குப் போடுகிற கறுப்புப் பேண்ட்டை எடுத்து மெஷின்மேல் போட்டார்.

"இடது காலை ஒண்ணரை இஞ்ச் மடிச்சுத் தை. தொங்கினா கட்டையில மாட்டும்."

மெஷின் நின்றது. இரண்டரை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அளக்க வேண்டாமா என்றாள். அளந்தாகிவிட்டது என்றார். யார் அளந்தது என்றாள்.

"அவன்தான்."

அவள் பேண்ட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஆனால் இத்தனை நாள் அலைக்கழித்ததற்குச் சும்மா விடுவாளா? உள்பக்கம் மடிக்க வேண்டியதை வெளிப்பக்கம் மடித்து, கறுப்புத் துணியில் மஞ்சள் நூலால், ஒரு மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி ஒண்ணரை இஞ்ச் பட்டையாக அடித்துக் கொடுத்தாள். என்ன இது அலங்கோலம் என்றார். நேரமில்லை, வேண்டுமானால் பிரித்துவிட்டுப் பழையபடி இழுத்துக்கொண்டு போங்கள் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடியும்போது இருபது வண்டிகள் வரிசையாக நின்றன. இஞ்சுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய் முன்னால் நிறுத்தினார். நாலாவது வண்டி தம்பியுடையது. டாக்டர் ஏதோ வாழ்த்துச் சொல்ல வந்தார், அதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டார், கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

நூற்று நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டினார். இடது பாதம் கட்டையில் அதற்கென்றே செய்த மாதிரி படிந்து கிடந்தது. பள்ளம் வந்தது, வளைவு வந்தது, போன தடவை விழுந்ததைப் போன்ற ஓர் இறக்கமும் வந்தது. இறக்கத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கால் இருந்த இடத்தில் இருந்தது. கையைத் தூக்கினார், பின்னால் பத்தொன்பது வண்டியும் வேகம் குறைத்தன. கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று என்று வைத்துக்கொண்டார்.

முதல் டீக்கடையில் எல்லோரும் இறங்கினார்கள். இஞ்சுக்காரரும் இறங்கினார், முழங்கால் பூட்டிக்கொள்ளவில்லை, மூன்று எட்டு வைத்து நடந்தே வந்துவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டு ஓடி வந்து, கால் எப்படி இருக்கிறது, பெக் எப்படி என்று கேட்டார். தம்பி பக்கத்து வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எதுவும் சரியில்ல டாக்டர்" என்றார் இஞ்சுக்காரர், கொஞ்சம் சத்தமாகவே. "எடுத்தவனுக்கு அளவு எடுக்கத் தெரியல. இடது பக்கம் கால் இஞ்ச் தள்ளி இருக்கு. ஊருக்குப் போனதும் முதல் வேலையா வெட்டணும்."

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். நேராக வந்து, எல்லோரும் பார்க்க அண்ணனின் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, அந்த மஞ்சள் தையல் பட்டையின்மேல் டேப்பை வைத்தான். மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவே இருக்கிற அதே ஒண்ணரை இஞ்ச், நூல் பிசகாமல்.

"அப்போ தையலையும் பிரிக்கணும்ண்ணே" என்றான் நிமிர்ந்து பார்த்து. "அதுவும் கால் இஞ்ச் தப்பாத்தான் இருக்கு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இஞ்சுக்காரர் தம்பியையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுந்திருடா, டிராமா போடாத" என்றார். "வண்டியை எடு. பின்னால வா."

தம்பி எழுந்து போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். இஞ்சுக்காரர் வண்டியில் ஏறி, கண்ணை மூடி, இடது காலை நீட்டினார், பாதம் நேராகக் கட்டையில் போய் உட்கார்ந்தது. பிறகு கண்ணைத் திறந்து கையைத் தூக்கினார்.